ஒதீல் வீடு

அவள் அத்தையின் தலையை வாரிப் பின்னிக்கொண்டிருந்தபோது வாசல் மணி அடித்தது. நிறைமாத வயிற்றோடு உட்கார்ந்து எழுவதே பெரும்பாடு என்பதால், அவள் நகரவில்லை. அண்ணன் போனான்.

விடிந்ததும்தான் அத்தையின் உயிர் போயிருந்தது. ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்பு மடிக்கிற வேலை, கல்யாணம் இல்லை, தன் அண்ணன் பிள்ளைகளான இவர்கள் வீட்டில் ஓர் அறை. அவளுக்கு அத்தை என்பதே பெயராகிவிட்டது. அவளைவிட மூத்தவரான கீழ்வீட்டுக்காரர்கூட அத்தை என்றுதான் கூப்பிடுவார். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

வயிற்றில் இருப்பது பெண் என்று தெரிந்தபோது வீட்டில் ஆளாளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள். எல்லாரும் சொல்லி ஓய்ந்த பிறகு, தட்டைப் பார்த்தபடி அத்தை ‘ஒதீல்’ என்றாள். பிரெஞ்சுப் பெயராம், பழைய காலத்துப் பெயராம், இப்போது அந்த ஊரிலேயே அதிகம் யாரும் வைப்பதில்லையாம். இருமல் மருந்து மாதிரி இருக்கிறது என்று அண்ணன் சொல்ல, வீடே சிரித்தது. அத்தையும் சிரித்தாள். வியாழக்கிழமைதோறும் சாயங்கால வேலை என்று சொல்லிப் போகிறவள், அடுத்த வியாழக்கிழமை போகவில்லை. உடம்பு முடியவில்லை என்றாள். உண்மையிலேயே முடியாமல்தான் இருந்தது.

வாசலில் யாரோ ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“ஒதீல் வீடு இதுங்களா?”

“அப்படி யாரும் இங்க இல்லீங்க” என்று அண்ணன் கதவைச் சாத்திவிட்டு வந்தான். கேலி செய்தவனுக்கு அந்தப் பெயர் நினைவில் கூட இல்லை.

அவளுக்கு இருந்தது. சீப்பும் கையுமாகக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள். வந்தவரைத் தவறவிட்டால் அப்புறம் எங்கே போய்த் தேடுவது என்று பயமாக இருந்தது. நல்லவேளை, பக்கத்து வீட்டு மணியை அடித்துவிட்டு மூன்று பேர் நின்றிருந்தார்கள். வயதான ஒரு வாத்தியார், சீருடையில் ஒரு பஸ் டிரைவர், பழப் பையோடு மருந்துக்கடைக்கார அம்மாள்.

வியாழக்கிழமை பிரெஞ்சு வகுப்பாம். அங்கே சொந்தப் பெயர் கூடாது, ஆளுக்கொரு பிரெஞ்சுப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டுமாம். ஒதீல் வந்தால்தான் வகுப்பே களைகட்டும், என்னை ஓட்டித் தள்ளிவிடுவார் என்றார் டிரைவர். ஆளையே காணோம், இந்தத் தெரு என்று மட்டும் சொன்ன ஞாபகம், அதனால் வீடு வீடாகக் கேட்டு வருகிறார்களாம்.

“எங்க வீடுதான். மேல வாங்க” என்றாள்.

“உடம்பு தேவலையா அவங்களுக்கு?” என்று மருந்துக்கடை அம்மாள் கேட்டாள். சீப்பில் சிக்கியிருந்த நரைமுடியையும் அவளுடைய அழுத கண்களையும் பார்த்ததும் அதற்குமேல் கேட்கவில்லை.

மேலே வந்து மூவரும் கட்டிலருகே நின்றார்கள். டிரைவர் தொப்பியைக் கழற்றினார். அத்தை வாயாடியாக இருந்த இடம் ஒன்று இருந்திருக்கிறது, அது இவர்களுக்குத்தான் தெரியும் என்று நினைத்தபோது அவளுக்குத் தாங்கமுடியாத பொறாமையாக இருந்தது.

வாத்தியார்தான் மெல்ல ஆரம்பித்தார்.

“கடைசியா வந்தப்ப ஒண்ணு கேட்டாங்கம்மா. என் பேரை எங்க வீட்டுக் குழந்தைக்குக் குடுத்துட்டா, நான் வேற ஒண்ணு எடுத்துக்கலாமான்னு. தாராளமா எடுத்துக்கலாம்னேன். அடுத்த வாரம் புதுப் பேரோட வர்றேன்னு போனாங்க.” அவள் வயிற்றை ஒரு கணம் பார்த்தார். “வீட்டுல எல்லாருக்கும் அந்தப் பேரு புடிச்சுதா?”

அண்ணன் கதவோரம் நின்றிருந்தான். அவனுக்கு இப்போது எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. உள்ளே போய் ஒவ்வொன்றாக நாற்காலிகளைத் தூக்கிவந்து போட்டான்.

“புடிச்சுது” என்றாள்.

பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பாதியில் விட்ட பின்னலைக் கையில் எடுத்தாள்.