சாக்குப் போர்த்திய தொட்டி

துரைமார் கூட்டம் போட்டுக் கலைந்தால் மறுநாள் கூலிகளுக்கு வேலை கூடும். சேர்வராயன் மலையில் இதை யாரும் யாருக்கும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

மணிக்கூண்டு எஸ்டேட்டின் துரை அன்றைக்கு ஏற்காட்டுக் கூட்டத்திலிருந்து குதிரையில் திரும்பும்போது கையில் ஒரு காகிதம் இருந்தது. அவருக்கு ஜனங்கள் வைத்த பெயர் கெடியாரத் துரை. சங்கிலி போட்ட கடிகாரத்தை எடுத்துப் பார்க்காமல் தும்மக்கூட மாட்டார். எல்லாத் தோட்டத்துத் துரைமாரும் கூடி, அவரவர் தோட்டத்தில் எந்த வேலை சீக்கிரம் முடிகிறது என்று சொல்லிக்கொண்டு, நல்லதை மற்றவர்கள் எடுத்துக்கொள்வது என்று பேசி வைத்திருந்தார்கள். யோசனையில் குற்றமில்லை. பக்கத்துக் கடைக்காரன் எப்படிப் பொட்டலம் கட்டுகிறான் என்று பார்க்காதவன் கடை வைக்கவே லாயக்கில்லை. ஆனால் அவன் வாயால் சொன்னதைக் கேட்டு வருவது ஒன்று. திரைக்குப் பின்னால் அவன் என்ன செய்கிறான் என்று பார்த்து வருவது வேறொன்று.

காகிதத்தில் இருந்தது இதுதான்: கிளியூர்ச் சரிவில் இருக்கும் தோட்டத்தில் காப்பிக் கொட்டை இருபத்துநாலு மணி நேரத்தில் தொட்டியை விட்டு வெளியே வந்துவிடுகிறது.

மணிக்கூண்டில் அதற்கு நாற்பது மணி நேரம் ஆயிற்று. பழத்தைப் பல்ப்பரில் கொடுத்துத் தோலை உரித்த பிறகும் கொட்டையின் மேல் ஒரு வழுவழுப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். தொட்டியில் கொட்டிப் புளிக்கவிட்டால்தான் அது கழலும். அப்புறம் கழுவிக் களத்தில் காயப்போடலாம். இருந்ததோ இரண்டே தொட்டி. மார்கழியில் பழம் மலைமலையாக வந்து குவியும்போது தொட்டி காலியாகாமல், பறித்த பழம் வெளியே கிடந்து வெந்து வீணாகும். பல்ப்பர் எவ்வளவு வேகமாய்ச் சுற்றினாலும் தோட்டத்தின் கழுத்து அந்த இரண்டு தொட்டியில்தான் இருந்தது.

அந்தக் கழுத்து மருதாயியின் கையில் இருந்தது. பன்னிரண்டு வருஷமாக அவள்தான் தொட்டிக்காரி. கையை விட்டு ஒரு பிடி கொட்டையை அள்ளி, தண்ணீரில் அலசி, அழுத்தித் தேய்ப்பாள். கூழாங்கல் மாதிரி கரகரவென்றால் அடைப்பைப் பிடுங்கலாம். வழுக்கினால் காத்திருக்க வேண்டும். அவளுக்கு வலது முழங்கால் சரியில்லை. சரிவில் ஏறிக் களை வெட்ட முடியாது. வேலை செய்ய முடியாதவர்களுக்குக் கூலிகளின் லைன் வீடுகளில் இடமில்லை என்பது எஸ்டேட் சட்டம். ஆகவே தொட்டி போனால் அவளுக்கு வீடும் போகும். அவளும் புருஷன் காளியப்பனும் சட்டி பானையோடு அடிவாரம் இறங்க வேண்டியதுதான்.

மறுநாள் துரை பல்ப்பர் கொட்டகைக்கு வந்தார். கூடவே கணக்கெழுதும் ரைட்டர் வெங்கடாசலம், தோளில் காஷ்மீர்ச் சால்வையோடு. துரையின் தமிழில் ஏவல் வினை மட்டும்தான் இருந்தது. போ, வா, எடு, வை. மற்றதையெல்லாம் ரைட்டர் மொழிபெயர்ப்பார்.

"தொரை சொல்றாரு, இருவத்துநாலு மணி ஆயிருச்சாம். ரெண்டு தொட்டியையும் தொறந்து உடு."

"ஏனுங்க ரைட்டரய்யா, இன்னும் ஆகலீங்களே. தொட்டுப் பாருங்க, வெண்டிக்காயாட்டம் வழுக்குது."

"கிளியூர்ல ஆகுதாமா."

"ஆகுமுங்க. அங்க எங்க நங்கைதான தொட்டிக்காரி, எனக்குத் தெரியாதுங்களா? அங்க வெயிலு. அதுக்கு மேல ராவெல்லாம் தொட்டிக்குச் சாக்குப் போட்டு மூடறாங்க. இங்க பனியில தொறந்து கெடக்குது. போன வருசமே உங்ககிட்டச் சாக்குக் கேட்டனுங்களே. 'தொட்டிக்குக் குளுருதா'ன்னு கேட்டுச் சிரிச்சீங்க. தொரைகிட்ட அதச் சொல்லுங்க."

அவள் சொன்ன நங்கை, காளியப்பனின் அக்காள் பாவாயி. ரைட்டர் தொண்டையைச் செருமினார். சாக்கு வேண்டுமென்று கேட்டதும் அதை மறுத்ததும் துரை காதுக்குப் போகாத விஷயங்கள். துரைக்கு அவர் இங்கிலீஷில் நான்கே சொல் சொன்னார். அதில் சாக்கு இல்லை என்பது துரையின் முகம் சிவந்ததிலேயே மருதாயிக்குப் புரிந்தது.

"எடு!" என்றார் துரை.

மருதாயி முதல் தொட்டியின் பக்கம் போகவில்லை. இரண்டாம் தொட்டியின் அடைப்புக் கட்டையின் மேல் போய் உட்கார்ந்துகொண்டாள். பல்ப்பர் சுற்றிக்கொண்டிருந்த காளியப்பன் கையை நிறுத்திவிட்டான்.

"ஏ புள்ள, எந்திரி! ஊட்டுக்கு ஒல வெச்சுராத."

"ஒல வெக்க அரிசி எங்க இருக்குது? நீ சுத்து."

துரை கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ரைட்டரிடம் ஏதோ சொன்னார்.

ரைட்டர் சந்தோஷமாக மொழிபெயர்த்தார். "மொதத் தொட்டிய இப்பத் தொறக்கறோம். ரெண்டாவது உன் இஷ்டம். களத்துல காஞ்சதும் ரெண்டையும் பாப்பாரு. ஒண்ணாட்டமே இருந்துதுன்னா நீ மூட்டையக் கட்டிக்கோணும்."

"பாக்கட்டுங்க. கண்ணுக்குக் கெடியாரம் வேண்டியதில்லீங்களே."

முதல் தொட்டியைத் திறந்தார்கள். எட்டுப் பேர் இறங்கி மிதித்தார்கள், கழுவினார்கள், ஒருவர் மேல் ஒருவர் வழுக்கி விழுந்தார்கள். கொட்டை குளித்த எருமை மாதிரி வழுவழுவென்றே களத்துக்குப் போயிற்று. மருதாயி இரண்டாம் தொட்டியின் கட்டையை விட்டு இறங்காமல், மறுநாள் காலை பனி விலகும் நேரத்தில் ஒரு பிடி அள்ளித் தேய்த்துப் பார்த்து, "கரகரங்குது" என்று சொல்லி அடைப்பைப் பிடுங்கினாள்.

களத்தில் இரண்டு குவியலும் பக்கத்தில் பக்கத்தில் காய்ந்தன. ஒன்று வெண்முத்து. மற்றது கட்டி கட்டியாய் ஒட்டிக்கொண்டு, மஞ்சள் படிந்து, ஈ மொய்த்தது. துரை குனிந்து முகர்ந்தவர் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். காகிதத்தை எடுத்து மறுபடி படித்தார். காகிதம் முன்பு சொன்னதையேதான் இப்போதும் சொல்லியது.

"ஒய்?" என்று இங்கிலீஷில் காரணம் கேட்டார் ரைட்டரைப் பார்த்து.

ரைட்டர் தாடையைச் சொறிந்தார். இனி இவரை நம்பினால் சாக்கு சாகிற வரைக்கும் வராது என்று மருதாயிக்குத் தெரிந்தது. நேரே போனாள். ரைட்டரின் தோளிலிருந்த சால்வையை உருவினாள். "ஏய், ஏய்!" என்று அவர் கூவக் கூவ, கொட்டகைக்குள் நொண்டி நொண்டிப் போய், அதைத் தொட்டியின் மேல் விரித்து, நான்கு ஓரமும் இழுத்துவிட்டு, கைக்குழந்தைக்குத் தட்டிக்கொடுப்பதுபோல் இரண்டு தட்டுத் தட்டினாள். பிறகு தெற்கே கிளியூர்ப் பக்கம் கை காட்டினாள்.

துரை சால்வையைப் பார்த்தார். சால்வை இல்லாமல் நடுங்கிக்கொண்டிருந்த ரைட்டரைப் பார்த்தார். மலையில் யாரும் அதுவரை கேட்டிராத ஒரு சத்தம் வந்தது. துரை சிரித்தார்.

அன்று சாயங்காலமே நாற்பது சாக்கு வந்தது.

சாக்குப் போட்டதில் நாற்பது மணி நேரம் முப்பத்திரண்டாயிற்று. இருபத்துநாலு ஆகவில்லை. கிளியூர் வெயிலைச் சாக்கில் கட்டிக் கொண்டுவர முடியாதல்லவா? அங்கேதான் மருதாயி தன் கைச்சரக்கைச் சேர்த்தாள். தொட்டியைக் கழுவும் முன் வடிகிற புளித்த தண்ணீரில் இரண்டு குடம் பிடித்து வைத்து, அடுத்து வரும் கொட்டையின் மேல் ஊற்றினாள்.

"இதென்ன அசிங்கம்?" என்று கேட்டார் ரைட்டர்.

"கம்மங்கூழு புளிக்கப் பழைய கூழு ஒரு அகப்பை உடறதில்லீங்களா? அதேதானுங்க. வேணும்னா இதையும் சால்வையில மூடிக் காட்டட்டுங்களா?"

ரைட்டர் சால்வையை இறுக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

இருபத்துமூன்றாவது மணியில் கொட்டை கரகரத்தது. துரை கடிகாரத்தைக் காதில் வைத்து ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டார். ஒரு வாரத்தில் வெளியே கிடக்கிற பழம் என்பதே இல்லாமல் போயிற்று. அதே பல்ப்பர், அதே இரண்டு தொட்டி, அதே ஆட்கள். களத்தில் மட்டும் காயப்போட இடம் போதவில்லை.

நல்ல சரக்குக் கிடைத்ததும் மனிதனுக்கு அதைப் பூட்டி வைக்கத் தோன்றும். சனிக்கிழமை ரைட்டர் வந்து துரையின் உத்தரவைச் சொன்னார். "அந்தத் தண்ணி சமாச்சாரம் வெளிய போகப்படாது. வெள்ளாமை முடிஞ்சப்புறம் கூட்டத்துல தொரையே சொல்லிக்குவாரு. அதுவரைக்கும் வாயத் தொறந்தீன்னா தொட்டியும் இல்ல, ஊடும் இல்ல."

"எங்க நங்கைகிட்டக் கூடவா?"

"அவகிட்டத்தான் முக்கியமா."

ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டுச் சந்தை. துரைமாருக்குக் கிளப்பு எப்படியோ, தோட்டத்துப் பெண்களுக்குச் சந்தை அப்படி. நாகலூர்த் தோட்டத்தில் என்ன நடக்கிறது, கிளியூரில் எந்த மேஸ்திரிக்குக் கை நீளம் என்பதெல்லாம் கருவாட்டுக் கூடைக்குப் பக்கத்தில் பேசி முடியும். காகிதம் கிடையாது. அதனால் எதுவும் விட்டுப்போகாது.

பாவாயி புளி பேரம் பேசிக்கொண்டிருந்தாள். காளியப்பன் பெண்டாட்டியின் முந்தானையைப் பிடித்து இழுத்தான். "சொல்லாத புள்ள. கையெடுத்துக் கும்புடறேன்."

மருதாயி நின்று யோசித்தாள். நிஜமாகவே பயமாகத்தான் இருந்தது. அடிவாரத்தில் அவளுக்கு யாரும் இல்லை. மலைப்பாதையில் இறங்கினால் இந்த முழங்காலோடு மறுபடி ஏற முடியாது.

"சாக்கு யோசன நங்கை குடுத்தது," என்றாள் புருஷனிடம். "வாங்கறப்ப ரெண்டு கையும் நீட்டிப்புட்டுக் குடுக்கறப்ப முந்தானைக்குள்ள மறைச்சா, நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சந்தைக்கு வர்றது?" பிறகு, சந்தைக்கே கேட்கிற குரலில், "நங்கை! இந்தப் பக்கம் வாங்க. பழைய தண்ணி ரெண்டு கொடம் எடுத்து வெச்சுக்கோணும், கேட்டுக்கங்க!"

கேட்டது பாவாயி மட்டுமல்ல. நாகலூர்ப் பெண்கள் மூன்று பேரும் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்கள். கேட்டுவிட்டு வெறுங்கையோடு போகவும் இல்லை.

"எங்க தோட்டத்துல ஒண்ணு சொல்றேன், வெச்சுக்க," என்றாள் அவர்களில் ஒருத்தி. "பழம் அளக்கற பொட்டி மேல கோல் போட்டுத் தல தட்டித்தான் அளக்கறாங்க. உங்களுது எப்புடி?"

"எங்களுக்குக் கோபுரம் கட்டோணும்," என்றாள் மருதாயி. "பொட்டிக்கு மேல இன்னொரு பொட்டி நிக்கும், கூலி ஒரு பொட்டிக்குத்தான்."

அடுத்த துரைமார் கூட்டம் பொங்கலுக்கு முன் கூடியது. கெடியாரத் துரை எதுவும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தார். கிளியூர்த் துரை எழுந்து, தங்கள் தொட்டி இப்போது பதினெட்டு மணி நேரத்தில் முடிகிறதென்றும், பழைய தண்ணீர் சேர்ப்பதே காரணமென்றும் படித்தார். நாகலூர்த் துரை, எங்களிடமும் அப்படித்தான் என்றார். பூட்டி வைத்த பெட்டிக்கு அடிப்பலகை இல்லை என்று மணிக்கூண்டுத் துரைக்கு அப்போதுதான் தெரிந்தது.

குதிரை நுரை தள்ளக் கொட்டகைக்கு வந்தார். மருதாயி அப்போதுதான் இரண்டு தொட்டியையும் நிரப்பிச் சாக்குப் போட்டிருந்தாள்.

"நீ சொல்?" என்றார்.

ரைட்டர் மொழிபெயர்க்க வாயெடுத்தார். மருதாயி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"புரியுதுங்க. சொன்னனுங்க தொரை. சந்தையில நின்னு சத்தமாத்தான் சொன்னேன்."

"போ!"

அவள் கெஞ்சுவாள் என்று ரைட்டர் காத்திருந்தார். மருதாயி சாக்கு மடிப்புகளைச் சரி செய்தாள், கை கழுவினாள், லைனுக்குப் போய்ச் சட்டி பானையை முடிந்து தலையில் வைத்துக்கொண்டு பாதையில் இறங்கினாள். பின்னால் முறத்தைத் தூக்கிக்கொண்டு காளியப்பன். பேரத்தில் கடையை விட்டு இறங்குகிறவன் வேகமாய் நடக்கக் கூடாது. திரும்பியும் பார்க்கக் கூடாது. மருதாயிக்குப் பேரம் தெரியாது. ஆனால் முழங்கால் அவளை வேகமாய் நடக்கவிடவில்லை. ரோஷம் திரும்பிப் பார்க்கவிடவில்லை.

துரை கொட்டகையில் நின்றார். இரண்டு தொட்டி நிறையக் கொட்டை, புளித்துக்கொண்டு. எப்போது திறப்பது? கடிகாரத்தைப் பார்த்தார். பதினெட்டா, இருபத்துமூன்றா, அதற்கும் முன்பா? நேரத்தோடு திறக்காவிட்டால் அழுகிவிடும். சாக்கைத் தூக்கி, முழங்கை வரை உள்ளே விட்டு ஒரு பிடி அள்ளித் தேய்த்தார். ரைட்டரிடம் நீட்டினார்.

ரைட்டர் தொட்டுப் பார்த்தார். "வழுக்குதுங்களா, கரகரங்குதுங்களா... எனக்கு ரெண்டுமாட்டத் தெரியுதுங்க சார்."

மருதாயி மணிக்கூண்டு எஸ்டேட்டின் எல்லையைத் தாண்டியிருந்தாள். பின்னால் ரைட்டர் மூச்சு வாங்க ஓடி வந்தார். "ஏ மருதாயி! நில்லு! தொரை கூப்புடறாரு. உன் தொட்டி உனக்கு, உன் ஊடு உனக்கு. வா!"

காளியப்பன் முறத்தோடு அப்போதே திரும்பிவிட்டான். மருதாயி நின்றாள். தலைச்சுமையை இறக்கவில்லை.

"வர்றனுங்க. ஆனா ரைட்டரய்யா, நல்லது எந்தத் தோட்டத்துல இருந்தாலும் நாம எடுத்துக்கோணும்னுதான தொரைமாரு கூட்டம் போட்டாங்க?"

"ஆமா, அதுக்கென்ன இப்ப?"

"நாகலூர்ல பழம் அளக்கற பொட்டிக்குக் கோல் போட்டுத் தல தட்டறாங்களாமா. நொம்ப நல்ல வழக்கம். நாளைக்கிருந்து இங்கயும் அப்புடித்தான்னு தொரைகிட்டச் சொல்லிப்போட்டு வாங்க. நான் இங்கயே நிக்கறேன். இந்தத் தடவ சாக்க உட்ட மாதிரி கோல உட்றாதீங்க."

"அதெல்லாம் எப்புடி..."

"தொட்டி புளிக்குதுங்க."

ரைட்டர் மேட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி ஓடினார். இந்த முறை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தார் என்றுதான் கேள்வி.

மறுநாள் சாயங்காலம் பழம் அளக்கும் இடத்தில் வரிசை நின்றது. ரைட்டர் வெங்கடாசலம் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு, மூங்கில் கோலால் பெட்டியின் தலையை வழித்தார். வழிந்த பழம் பறித்தவளின் கூடைக்கே திரும்பி விழுந்தது. கொட்டகை வாசலில் ஈரக் கையோடு மருதாயி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னுங் கொஞ்சம் அழுத்தித் தட்டுங்க ரைட்டரய்யா," என்றாள். "ஞாயித்துக்கெழம சந்தையில கேப்பாங்க, எப்புடித் தட்டறாருன்னு."