பகலில் ஆட்டிய மாவு

மாரண்டஹள்ளியில் கலைமதியின் வீட்டு முன்னறைதான் அவளுடைய மாவுக்கடை. இரண்டு பெரிய கிரைண்டர், ஒரு பிரிட்ஜ், வாடிக்கைக்கு பஸ் ஸ்டாண்டு பக்கத்து டிபன் கடைகள். அவள் கணவன் வீரமணி தக்காளி லோடு ஓட்டுகிறவன். விடிவதற்குள் ஓசூர் மண்டியில் சரக்கை இறக்கியாக வேண்டும்.

அவர்கள் தெருவில் பகல் கரண்ட்டை நம்ப முடியாது. ஒரு மரக்கிளை உரசினாலும் லைன் போய்விடும். பாதி ஆட்டும்போது நின்றுவிட்டால் ஊறின அரிசி வீண். அதனால் ஊர் அடங்கிய பிறகுதான் கலைமதி கிரைண்டரைப் போடுவாள். அவள் கையைக் கழுவிக்கொண்டு படுக்க வரும்போது வீரமணி கிளம்பிக்கொண்டிருப்பான். அவன் திரும்பி வந்து அசந்து தூங்கும்போது அவள் கடையில் இருப்பாள். இருவரும் பேசிக்கொண்டதெல்லாம் பெரும்பாலும் போனில்தான்.

மண்டியின் கூரை முழுக்க சோலார் தகடு பதித்திருந்தார்கள். அதைப் பார்த்ததிலிருந்து வீரமணிக்கு ஆசை பிடித்துக்கொண்டது. தருமபுரியில் சோலார் மாட்டித் தரும் அருள்குமாரை வரவழைத்தான்.

"பேட்டரி வெக்கணுமாங்க?" என்று கேட்டான் அருள்குமார்.

"அதெல்லாம் எதுக்கு? வெயிலு இருக்கறப்ப ஓடுனா போதும்," என்றான் வீரமணி.

தகடுகள் மாடிக்கு வந்தன. வடாம் காயப்போட்ட இடம் போய்விட்டதே என்று கலைமதிக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் பகல் பதினோரு மணிக்கு இரண்டு கிரைண்டரும் ஒன்றாக ஓடியபோது அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. வீரமணி தெருவில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினான்.

"இனிமே நம்ம வூட்ல கரண்ட்டு போற பேச்சே இல்ல, கலை."

அடுத்த வாரமே போனது. நல்ல உச்சி வெயில். லைன் போன அதே நொடியில் கிரைண்டரும் நின்றது. கலைமதி மாடிக்கு ஓடிப் பார்த்தாள். தகடுகள் பளபளவென்று வெயிலில் கிடந்தன. அவள் அவனை எழுப்பினாள்.

"ஏங்க, சூரியன் இருக்குது, கரண்ட்டு இல்லீங்க!"

வீரமணி தூக்கக் கலக்கத்தோடு அருள்குமாருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான்.

"அது அப்படித்தாங்க நிக்கும்," என்றான் அருள்குமார். "நீங்க வெச்சிருக்கறது லைனோட சேந்து ஓடுறது. லைன் போனா அதுவும் நின்னுடணும். இல்லீன்னா உங்க வூட்டு கரண்ட்டு கம்பிக்குத் திரும்பிப் போயி, மேல ஏறி வேலை பாக்கற ஆளுக்கு அடிச்சிடும். இதுக்குத்தாங்க அன்னிக்கே பேட்டரி கேட்டேன்."

வீரமணி போனை வைத்தான். அவன் காதெல்லாம் சிவந்துவிட்டது. கலைமதிக்குக் கோபம் வந்த வேகத்திலேயே போய்விட்டது. கம்பத்தில் ஏறும் யாரோ ஒருவருக்காக நின்ற கிரைண்டரைத் திட்ட அவளுக்கு மனசு வரவில்லை.

"சரி வுடுங்க. நரநரன்னு இருக்குது, அடைக்கு ஆவும்," என்று மாவை வழித்தாள்.

அதில் பருப்பை அரைத்துச் சேர்க்கத்தான் மின்சாரம் இல்லை. அவள் ஊறவைத்துக் கொடுத்த பருப்பை வீரமணி முறத்தில் பரப்பி, பூரிக்கட்டையால் நசுக்கினான். பாதி தரையில் தெறித்தது. டிபன் கடை கோவிந்தம்மாளிடம், "இன்னிக்கு இட்லி மாவு இல்லீங்க்கா, அடை மாவுதான்," என்று அவனே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தான். கோவிந்தம்மாள் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள்.

மாதம் முடிவதற்குள் அருள்குமார் வந்து இன்வெர்ட்டரை மாற்றி, பேட்டரியும் வைத்தான். லைன் போனால் வீட்டை லைனிலிருந்து தானே பிரித்துக்கொண்டு, தகடும் பேட்டரியுமாக ஓட்டும் இன்வெர்ட்டர் அது. அவன் சோதிப்பதற்காக மெயின் சுவிட்சை இறக்கினான். விளக்கு ஒரு தடவை கண் சிமிட்டியது. கிரைண்டர் நிற்கவில்லை.

"லைன் இல்லாதப்ப ஒண்ணு ஆட்டி முடிச்சப்புறம் இன்னொண்ணு போடுங்க. ரெண்டும் ஒண்ணா வேணாம்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

அதற்கப்புறம் பிற்பகலுக்குள் மாவு முடிந்து பிரிட்ஜுக்குள் போய்விடும். கடைக்காரர்கள் சாயங்காலம் வந்து எடுத்துப்போவார்கள். கலைமதி முதல் சில நாட்கள் என்ன செய்வதென்றே தெரியாமல் வீட்டையே இரண்டு முறை பெருக்கினாள். பிறகு பழகிவிட்டது.

ஒருநாள் மாலை வீரமணி தூங்கி எழுந்து வந்தான். கலைமதி வாசற்படியில் உட்கார்ந்து, ஈரத் தலையைப் பிரித்து உலர்த்திக்கொண்டிருந்தாள். அவன் எதிரில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான்.

"என்னங்க அப்படிப் பாக்கறீங்க?"

"உன் காதுகிட்ட ஒரு மச்சம் இருக்குதா?"

"பொறந்ததுல இருந்து இருக்குதுங்க!"

"நான் இப்பத்தான் பாக்கறேன்," என்று சொல்லி அவன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

கலைமதி சீப்பை அவன் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தாள்.