சுவரைப் பார்த்த பெஞ்சுகள்

திருமங்கலம் பஸ் ஸ்டாண்டு அருகே காசிமாயன் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். எதிரே புரோட்டாக் கடை வந்த பிறகு மாலையில் ஆள் வரத்து குறைந்துபோனது. இப்படியே போனால் தைக்குள் கடையை மூடவேண்டியதுதான் என்று மனைவி செல்லத்தாயிடம் சொல்லியிருந்தார்.

எழுபத்தெட்டாம் வருஷம் ஐப்பசியில் வயலெல்லாம் நண்டு. வீட்டுக்கென்று செல்லத்தாய் வைத்த நண்டுக் குழம்பின் மணம் ரோடு வரை போனது. சாப்பிட வந்தவர்கள் அடுப்படியை எட்டிப் பார்த்தார்களே தவிர, யாரும் கேட்கவில்லை. வயல் நண்டு கூலி வேலைக்காரர்கள் சாப்பாடு என்று டவுனில் ஒரு நினைப்பு. அதோடு, நண்டின் ஓட்டை உடைக்க இரண்டு கையும் வேண்டும். உறிஞ்சினால் சத்தம் வரும். நாலு பேர் பார்க்க அப்படிச் சாப்பிடக் கூச்சம்.

"ஆசை இருக்கு, வெக்கம் விடமாட்டேங்குது. பெஞ்சத் திருப்பிப் போடுங்க," என்றாள் செல்லத்தாய்.

ரோட்டைப் பார்த்துக் கிடந்த பெஞ்சுகளைச் சுவர்ப் பக்கம் திருப்பினார்கள். குழம்புச் சட்டியும் முன்னால் வந்தது. அன்று மாலை சில முதுகுகள் மட்டும் தெரிந்தன. ஓடு உடையும் சத்தத்தைக் காசிமாயன் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

கார்த்திகையில் ஒருநாள் உள்ளே இடமில்லை. கண்டக்டர் விருமாண்டி இலையோடு வாசற்படியில், ரோட்டைப் பார்த்தே உட்கார்ந்துவிட்டார்.

"என்ன மாப்ள, ரெண்டு கையாலயும் திங்கிற?" என்று நின்றிருந்த பஸ்ஸிலிருந்து டிரைவர் ஒருவர் கேட்டார்.

"உனக்கும் ரெண்டு இருக்குல்ல, இறங்கி வா."

டிரைவர் இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நாளைக்கு இம்புட்டு நண்டு பத்தாது," என்றாள் செல்லத்தாய்.

காசிமாயன் டிரைவருக்கு இலை போட்டார்.