ஆறாம் தந்தியை முறுக்கியவர்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை சண்டை போடப் போன இடத்தில் கிடைத்தது. மேல்வீட்டில் காலையிலிருந்து கிட்டார் இரைச்சல். மண்டை வெடிக்கிறதே என்று படியேறினேன். தேநீர் குடித்துவிட்டு, தலையை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே இறங்கினேன். மேலே மூன்று பேர்: லிஃப்ட் பழுதுபார்க்கும் ஒருத்தி, மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அவள் கணவர், டிரம்ஸ் வாசிக்கும் அவள் தம்பி. மற்றதெல்லாம் நான் இட்டுக்கட்டியது.

2

முதல் தொடக்கம்: "அவள் விரல்களில் இடி குடியிருந்தது." (கோடு போட்டு அடித்துவிட்டேன். நாளெல்லாம் கிரீஸில் புரளும் விரல்கள். இடி வழுக்கி விழுந்திருக்கும்.)

இரண்டாவது: "ஹெவி மெட்டல் இசை என்பது மனித குலத்தின்..." (எனக்குள் இருக்கும் கட்டுரைக்காரன் எட்டிப் பார்க்கிறான். துரத்தியாகிவிட்டது.)

மூன்றாவது: வேலைவிட்டு வந்த சாயங்காலம் அவளுக்கு ஒரு ரிஃப் கிடைத்தது. ஜுக் ஜுக் ஜுகுஜுகு ங்ஙோய்ங். ரிஃப் என்றால் இதுதான், பாட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுகிற சின்னஞ்சிறு கிட்டார் வரி. திரும்பத் திரும்ப வரும். இதில் அந்த "ங்ஙோய்ங்"கில்தான் உயிரே இருந்தது. வாசித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தாள்.

பதிவு செய்யவில்லை. அது அவள் பிடிவாதம். மறுநாள் பல் தேய்க்கும்போது தானாக விரலுக்கு வந்தால் அது ரிஃப், வராவிட்டால் வெறும் சத்தம். வந்தது. பிரஷ்ஷைக் கவ்வியபடியே கிட்டாரை எடுத்தாள். விரல்கள் சரியான இடத்துக்குத்தான் போயின. உயிரை மட்டும் காணோம்.

3

கணவருக்குத் தொளதொளவென்று எது இருந்தாலும் பொறுக்காது. குட்டி ஸ்க்ரூடிரைவரும் கையுமாக அலைவார். கதவுக் கீல், குக்கர் கைப்பிடி, எதையும் விடமாட்டார். (இவரை வில்லனாக்கலாமா என்று பார்த்தேன். பேச்சோடு பேச்சாக என் கண்ணாடியைக் கழற்றிச் சரிசெய்து கொடுத்துவிட்டார். மனசு வரவில்லை.)

"ஏங்க, கிட்டாரைத் தொட்டீங்களா?"

"அந்த ஆறாவது தடித் தந்தி தொங்கிப்போய்க் கெடந்துச்சும்மா. போன்ல சுருதி பாத்துக் கச்சிதமா முறுக்கி வெச்சிருக்கேன். நாளைக்கு ரெக்கார்டிங் ஆச்சே."

பெருமையாகச் சொன்னார். முந்தின சாயங்காலம் அந்தத் தந்தி தானாகத் தளர்ந்து, எந்தச் சுருதியிலும் சேராத ஓரிடத்தில் நின்றிருந்தது. அவள் ரிஃப் பிறந்தது அந்த இடத்தில்.

தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அக்கா, வேற குழுவுல கூப்பிடுறாங்க. நாளைக்கும் பாட்டு இல்லேன்னா நான் போயிடுவேன்க்கா."

அவள் பயந்துபோனாள். தன் கிட்டாருக்கு ஈடுகொடுத்து அடிக்க இவனை விட்டால் ஆளில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

4

முடிவு அ: தந்தியைத் தளர்த்தினாள், ரிஃப் திரும்பக் கிடைத்தது. (பொய். மத்தியானம் வரை திருகினாள். நான் படியேறியதே அதனால்தான்.)

முடிவு ஆ: முறுக்கிய தந்தியிலேயே அது இன்னும் அழகாக இருந்தது. (நல்ல பண்பான முடிவு, பரிசுகூடக் கிடைக்கலாம். ஆனால் அவள் வாசித்துப் பார்த்துவிட்டாள். லிஃப்டுக்குள் ஒலிக்கிற மெல்லிசை மாதிரி இருந்ததாம்.)

முடிவு இ: கணவரும் மனைவியும் பெரிதாகச் சண்டை போட்டு, அவர் ஸ்க்ரூடிரைவரைத் தூக்கி... (இல்லை, இல்லை.)

5

அவள் கிட்டாரை அவர் பக்கம் நீட்டினாள்.

"நீங்களே தளத்துங்க."

"நானா? எனக்கு என்னம்மா தெரியும்?"

"நேத்து நான் வாசிச்சப்போ பக்கத்து ரூம்லதானே இருந்தீங்க, காதுல விழுந்திருக்குமே. போனைத் தூரப் போட்டுட்டுத் தளத்துங்க."

வாழ்நாளில் எதையும் தளர்த்தாத மனிதர். வேர்த்துவிட்டது. திருகாணியைப் பிடித்து மெல்லத் திருப்பினார். அவள் அடித்தாள். ங்ஙீய்ங். இன்னும் கொஞ்சம். ங்ஙேய்ங். தம்பி குச்சிகளைத் தூக்கிப் பிடித்திருந்தான்.

"போதுமாம்மா?"

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு அடித்தாள்.

"மாமா, விடாதீங்க, வந்துட்டே இருக்கு," என்றான் தம்பி.

நான் இதோடு எழுந்துகொள்கிறேன். என் காது இதற்கு மேல் போதாது. தந்தி இறங்கிக்கொண்டே இருக்கிறது. யாராவது நிறுத்தச் சொல்ல மாட்டார்களா என்று அவர் பார்க்கிறார். சரியான இடம் வந்ததும் நீங்கள் சொல்லிவிடுங்கள். கொஞ்சம் கத்தியே சொல்லுங்கள், தம்பி அடிக்க ஆரம்பித்துவிட்டான்.