ஒரே ரத்தம், இரண்டு பெயர்

வேலை கொடுக்கிறோம் என்றவர்கள் கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் அவளை உறுத்தியது. ரத்தப் பரிசோதனை லேபில் வருடக்கணக்காக ஊசி பிடித்தவள் அவள். போனில் நாலு வார்த்தை பேசிவிட்டு, "வந்து சேருங்க, லேப் முழுக்க உங்க பொறுப்பு, குடியிருக்க வீடும் தர்றோம்" என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

"வேற ஊர், வேற ஆளுங்க. முன்னாடி இருந்தவர் ஏன் போனார்னு கேட்டா பேச்சை மாத்தறாங்க," என்றாள் கணவனிடம்.

"கல்யாணத்துக்கு முன்னாடி என்னைப் பத்தி இவ்வளவு விசாரிச்சியா?"

"அப்ப விசாரிக்கத் தெரியல. அதான் இப்ப விசாரிக்கறேன்."



அவள் பயம் காரணமில்லாதது அல்ல. இப்போதிருக்கும் லேபில் மெஷின் மக்கர் செய்தால் முதலாளியே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவார். நோயாளியின் வயதைப் பார்த்து, மனதுக்குத் தோன்றிய எண்ணைத் தட்டி ரிப்போர்ட் கொடுத்துவிடுவார். அதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு எந்த லேப் மேலும் நம்பிக்கை இல்லாமல் போயிற்று. பிள்ளைகளின் பள்ளியை மாற்றி, வீட்டைக் காலி செய்து, தட்டுமுட்டுச் சாமான்களை ஏற்றிக்கொண்டு போய் இறங்கினால், அங்கேயும் இதே கூத்து என்றால்?

புது லேப் இருக்கும் ஊரில்தான் நாத்தனார் இருந்தாள். ஒரு காலையில் இவள் தன் கையில் தானே குத்தி ரத்தம் எடுத்தாள். இரண்டு ட்யூப்களில் நிரப்பினாள். ஒன்றில் நாத்தனார் பெயர், இன்னொன்றில் நாத்தனார் கணவர் பெயர். ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். நிஜமாகவே பரிசோதித்தால் இரண்டு ரிப்போர்ட்டும் ஒரே மாதிரி வரும். கண்ணை மூடிக்கொண்டு எழுதினால் ஆளுக்கொரு மாதிரி வரும்.

"அண்ணி, மாட்டிக்கிட்டா?" என்றாள் நாத்தனார், தன் வீட்டு வாசலில் பெட்டியை வாங்கிக்கொண்டு.

"குடுத்துட்டு வா. வாயைத் திறக்காத, அது போதும்."

"அது ஒண்ணுதான் எனக்கு வராது."

மத்தியானம் ரிப்போர்ட் வரவில்லை, போன் வந்தது. நாத்தனாரை நேரில் வரச் சொன்னார்கள். இருவரும் கிளம்பினார்கள். இன்னும் பணம் பிடுங்கப் பார்க்கிறார்களா? இல்லை, ட்யூபை உடைத்துவிட்டு மழுப்பப் போகிறார்களா? வழியெல்லாம் அவளுக்கு இதே யோசனை.

லேபை நடத்துபவர் தலைமேல் கண்ணாடியை ஏற்றிவிட்டிருந்த ஒரு பெண்மணி. இரண்டு ட்யூப்களும் அவர் முன்னால் தனித் தட்டில் இருந்தன.

"இது ரெண்டும் ஒரே ஆளோட ரத்தம். ரிப்போர்ட் தர முடியாது," என்றார்.

நாத்தனாருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "கல்யாணம் ஆகி எவ்வளவு வருஷம் ஆச்சு மேடம்! ஒரே சமையல், ஒரே சண்டை. ரத்தமும் ஒண்ணாயிருக்கும்."

"அப்படி ஆகறதா இருந்தா என் புருஷனுக்கு எப்பவோ புத்தி வந்திருக்கும். யார் எடுத்தது இதை?"

பொய் சொல்லிவிட்டு நழுவிவிடலாம். உண்மையைச் சொன்னால் வேலை கையைவிட்டுப் போகும். ஆனால் தேடி வந்தது இப்படி மடக்கிக் கேட்கும் ஓர் ஆளைத்தானே?

"நான்தான் மேடம். நீங்க வேலைக்குக் கூப்பிட்டிருக்கீங்களே, அந்த ஆள். உங்களைச் சோதிச்சுப் பாத்தேன்."

பெண்மணி கண்ணாடியை இறக்கி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அங்க என்ன குறைச்சல்? ஏன் கிளம்பறீங்க?"

"அங்க மெஷினைவிட முதலாளிக்கு அதிகம் தெரியும்."

அவர் சிரிக்கவில்லை. "இங்க இருந்தவரும் அப்படித்தான். அனுப்பிட்டேன். போன்ல சொல்லி அவர் பிழைப்பைக் கெடுக்க வேண்டாம்னு பாத்தேன். கேள்வி கேட்டா எல்லாரும் நல்ல பதிலாத்தான் சொல்றாங்க, அதான் உங்களையும் கேக்கல. முதல் மாசம் நீங்க பாக்கற ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் நான் திரும்பப் பாப்பேன். சம்மதமா?"

இவரும் தன்னை நம்பவில்லை என்று தெரிந்ததும், எத்தனையோ நாளாக இல்லாமல் போயிருந்த நம்பிக்கை அவளுக்குக் கொஞ்சம் திரும்பியது.

"பாருங்க மேடம்."

"சரி. இவங்க பேர்ல டெஸ்ட் பதிவாயிருக்கு. இவங்க ரத்தத்தை எடுங்க."

"என்னோடதா?" நாத்தனார் கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். "அண்ணி, நீங்க வேலைக்குச் சேர நான் ரத்தம் சிந்தணுமா?"

"காட்டுடி கையை."

நாத்தனாரின் முழங்கைக்கு மேல் ரப்பர் பட்டையைக் கட்டினாள். சதைப்பிடிப்பான கை, நரம்பு கண்ணுக்குத் தெரியவில்லை. விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். ஓரிடத்தில் மெத்தென்று எழும்பியது. குத்தினாள். ட்யூபில் ரத்தம் ஏறியது.

"ஒண்ணாந்தேதி வர்றேன்," என்றாள், கண்ணை ட்யூபிலிருந்து எடுக்காமல். "ஆனா அதுக்கு முன்னாடி வீட்டைப் பாக்கணும். குழாயைத் திறந்து தண்ணி வருதான்னு பாக்கணும்."

பெண்மணி இழுப்பறையிலிருந்து சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"மாடிக் குழாயையும் பாருங்க. அதுலயும் தண்ணி வரும், ஆனா நான் சொல்றேன்னு நம்பிடாதீங்க."