மேகத்துக்குக் கீழே சூரை

1

கடலின் விலை நூறு ரூபாய். தினமும் காலை ஆறு மணிக்குள் வாட்ஸ்அப்பில் வந்துவிடும்.

இந்தக் கதை அந்த விலையிலிருந்துதான் பிறந்தது. ஆரியசாலையில் என் அப்பாவின் கடைக்கு எதிர்க்கடை செல்வகணேஷுடையது. தூண்டில், நைலான் கயிறு, மிதவை. அவர் கடலையும் விற்கிறார் என்று கேள்விப்பட்டதும் எனக்கு முதலில் பொறாமைதான் வந்தது. கதை பிறகு வந்தது.

2

'விழிஞ்ஞத்தில் விடியும்போது கடல் வெள்ளித் தகடாக—'

(வேண்டாம். நான் விடியும்போது எழுந்ததில்லை.)

நேராகவே சொல்கிறேன். செயற்கைக்கோள் மீனைப் பார்ப்பதில்லை. கடலின் மேல்தோல் எங்கே சூடு, எங்கே குளிர்ச்சி, எங்கே பச்சை என்று பார்க்கிறது. பச்சை என்றால் நுண்ணிய பாசி. அதற்குச் சின்ன மீன் வரும். சின்ன மீனைத் தின்னச் சூரை மீன் வரும். சூடும் குளிரும் உரசுகிற ஓரத்தில் சூரை கிடைக்க வாய்ப்பு அதிகம். மொட்டைமாடியிலிருந்து எங்கள் சாலைக் கடைத்தெருவைப் பார்த்து, கூட்டத்தை வைத்தே எந்தக் கடையில் தள்ளுபடி என்று ஊகிப்பது மாதிரி. (நாம் இறங்கிப் போவதற்குள் கூட்டம் நகர்ந்திருக்கலாம். இதை நினைவில் வையுங்கள்.)

இந்தப் படத்தை அரசாங்கம் இலவசமாகவே தருகிறது.

3

பிச்சையா தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்து விழிஞ்ஞத்தில் படகு வைத்திருப்பவர். இலவசப் படத்தைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. ஓசியில் கொடுத்தால் சரக்கில் ஏதோ கோளாறு என்பது அவர் கட்சி. செல்வகணேஷ் அதே படத்துக்கு நூறு ரூபாய் விலை வைத்ததும் நம்பிவிட்டார். (இப்படி ஓர் ஆள் இருப்பாரா என்று சந்தேகப்படுகிறவர்கள் எங்கள் கடையில் ஒரு நாள் உட்காரலாம்.) நம்பிப் போனார், சூரையும் கிடைத்தது.

4

வியாழக்கிழமை வானம் மூடிக்கொண்டது. மேகம் இருந்தால் செயற்கைக்கோளுக்குக் கடல் தெரியாது. இன்று படம் இல்லை என்று அறிவிப்பு வந்தது. இலவசமாகக் கொடுப்பவர் 'இல்லை' என்று சொல்லலாம்; காசு வாங்கியவர்? சரக்கு இல்லை என்று வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்புவது எங்கள் தெருவில் கடையைச் சாத்துவதற்குச் சமம். செல்வகணேஷ் திங்கட்கிழமைப் படத்தில் தேதியை மாற்றி அனுப்பினார்.

பிச்சையா இரண்டு பேருடன் கிளம்பினார். நாற்பது கடல் மைல்.

5

மதியம் பிச்சையாவின் மனைவி உலகம்மாள் போனும் கையுமாகச் செல்வகணேஷ் கடைக்கு வந்தாள்.

"அண்ணாச்சி, மேகத்துனால இன்னைக்குப் படமே இல்லன்னு போட்டிருக்கு. எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் எங்கேருந்து வந்துச்சு?"

"அது வேற சேட்டிலைட்டு, கேட்டோ."

"அதுக்கு மட்டும் மேகம் விலகிக் குடுக்குமோ?"

செல்வகணேஷ் கல்லாவிலிருந்து நூறு ரூபாயை எடுத்து மேசையில் வைத்தார். அவள் அதைப் பார்க்கவில்லை. கரையிலிருந்து போன் எட்டவில்லை, வயர்லெஸில் கூப்பிட்ட படகுகளுக்கும் பதில் இல்லை என்றாள். பிறகு மெதுவாக:

"போக வரத்தான் டீசல் இருக்கு. வெறும் கடல்னா பேசாம திரும்பிருவாரு. இது காசு குடுத்து வாங்குன இடம்லா. லேசுல விடமாட்டாரு, தேடுவாரு."

6

முடிவு ஒன்று: மூன்று நாளில் அந்த ஓரம் நகரவில்லை, சூரை அங்கேயே நிற்கிறது. நடக்கக்கூடியதுதான். செல்வகணேஷ் நாளையே விலையை நூற்றைம்பது ஆக்குவார்.

முடிவு இரண்டு: ஓரம் நகர்ந்துவிட்டது. பிச்சையா டீசல் முள்ளைப் பார்க்கிறார், படத்தைப் பார்க்கிறார், சுக்கானை இன்னும் மேற்கே—

(இந்த வாக்கியத்தை முடிக்க நான் தயாரில்லை. நானும் மேலிருந்துதான் பார்க்கிறேன். எனக்கும் மேகம்.)

மணி ஐந்து. நாலு மணிக்குத் திரும்பியிருக்க வேண்டும். உலகம்மாள் கடைவாசலிலேயே நிற்கிறாள். மேசையில் அந்த நோட்டும் அப்படியே கிடக்கிறது. அடுத்த வரியை எழுத வேண்டியவர் நீங்கள். கணக்கை மட்டும் ஒப்படைக்கிறேன்.

போனது: டீசல், ஐஸ் ஆறு பெட்டி, பழைய படம் ஒன்று.

திருப்பியது: ரூபாய் நூறு. வாங்கிக்கொள்ள ஆளில்லை.

பாக்கி: ஆள் மூன்று.