கயிறு பிடிக்கும் வேலை

எங்கள் நகராட்சி அலுவலகத்தில் வேலைக்குப் பொருந்தியவர்கள் தரைக்கு மேலே மிதப்பார்கள். பொருந்தாதவர்கள் கனத்துக்கொண்டே போவார்கள். நான் வரிப் பிரிவில் இருபத்திரண்டு வருஷம் இருந்தேன். என் நாற்காலிக் கால்கள் நான்கும் தரைக்குள் இறங்கியிருந்தன. கூட்டிச் சொல்லவில்லை, ஒரு சாண்தான். குடிநீர்ப் பிரிவுக்காரர்கள் அவ்வப்போது வந்து, அடியில் போகும் குழாய்க்கு ஆபத்தா என்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

தை மாதம் பிறப்பு இறப்புப் பதிவுக்குச் செண்பகவல்லி வந்தாள். எந்த வருஷத்துப் பதிவேடானாலும் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பாள். ஓர் எழுத்து பிசகாது. மாசியில் அவள் தலை மின்விசிறியை எட்டியது, விசிறியைக் கழற்றினார்கள். பங்குனியில் ஓடு மாற்றுவதற்காகக் கூரையைப் பிரித்தார்கள். மேலே வெறும் வானம். முந்தின வருஷம் கொசு ஒழிப்பில் இருந்த ஒரு கெட்டிக்காரர் ஜன்னல் வழியாகப் போனவர், போனவர்தான்.

மேலாளர் இருதயசாமி அவள் இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுநுனியை என்னிடம் கொடுத்தார்.

"ஓய், இனிமே வரிப் பக்கமே போகாதேயும். இதப் பிடிச்சிட்டு உக்காரும்."

"விட்ருவியளா அண்ணாச்சி?" என்று மேலேயிருந்து செண்பகவல்லி கேட்டாள். "வீட்டுல கைப்பிள்ள இருக்கு."

"இத்தன வருஷத்துல ஒரு ரசீது ஒழுங்கா எழுதுனதில்ல தாயீ. என் கனத்த நம்பு."

காற்று வந்தால் இழுக்க வேண்டும். மேல் தட்டுப் பதிவேட்டுக்கு அவள் கை நீட்டினால் அரை முழம் விட வேண்டும். மத்தியானம் தூக்குச்சட்டியைக் கயிற்றில் கோத்து அனுப்ப வேண்டும். இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மூன்றாவது வாரம் நாற்காலி குழியைவிட்டு வெளியே வந்தது. நாலாவது வாரம் என் செருப்பு கழன்று விழுந்தது. விழுவதற்கு ஓர் ஆள் உயரம் இருந்தது.

ஒழுங்காகப் பிடித்தால் இரண்டு பேரும் போவோம். மோசமாகப் பிடித்தால் அவள் மட்டும் போவாள். இதை அவளிடம் சொன்னபோது சுவரின் மேல்விளிம்பு என் முழங்காலுக்கு வந்திருந்தது.

அவள் கையிலிருந்த இறப்புப் பதிவேட்டைத் திறந்தாள்.

"ஒரு தப்புப் பண்ணிட்டா இறங்கிருவேன், அண்ணாச்சி. யார் பேர எழுத?"

"அடுத்தவன் வீட்டுல அழுவாக. என் பேரையே எழுது."

'ஆதிமூலம், வயது ஐம்பத்தாறு' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள். உடனே என்னைக் கடந்து கீழே இறங்கினாள். கயிற்றை விடாமல் பின்னாலேயே நானும் வந்தேன். தரையில் நின்று இப்போது அவள்தான் என்னைப் பிடித்திருந்தாள்.

மறுநாள் என் மனைவி வடிவாம்பாள் வரிசையில் நின்று என் இறப்புச் சான்றிதழை வாங்கிக்கொண்டாள். எழுத்தைச் சரிபார்த்து மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"பதினாறாம் நாள் விசேஷம் வெள்ளிக்கிழம வருது. சொந்தக்காரங்க எல்லாரும் வருவாக. நீங்க இல்லாம நல்லாவா இருக்கும்?"

மேலாளரிடம் விடுப்பு எழுதிக் கொடுத்தேன். செண்பகவல்லி மறுபடி மேலே ஏறத் தொடங்கியிருந்தாள்; கயிற்றுக்கு வேறு ஆள் இல்லை என்று அரை நாள்தான் கொடுத்தார்.